எண்ணெய்ச் சட்டி வைக்கும் கை

1. எங்கிருந்து வந்தது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் நான் என் கண்ணால் பார்த்தது ஒரே ஒரு சண்டை. அதுவும் சின்னச் சண்டை.

கெடா மாநிலத்தில், திகாம் பத்துவில் ஒரு மளிகைக் கடை. சாயங்காலம், வேலை முடிந்து முட்டை வாங்க நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஓர் அம்மா, ஐம்பதுக்குள்தான் இருக்கும், திறந்த மாவுப் பெட்டி ஒன்றைக் கல்லாவின் மேல் டொப்பென்று வைத்தார்.

"இது என்னா மாவு தம்பி?"

"ஜாகோங் மாவுக்கா. பெட்டியிலயே மலாய்ல போட்டிருக்கே, தெப்போங் ஜாகோங்னு."

"ஜாகோங் மாவுன்னா ரொட்டி வரணும்லா? எனக்குக் கோந்து வந்துச்சு. எலெக்‌ஷன் வந்தா போஸ்டர் ஒட்ட எடுத்து வச்சுக்க."

கடைக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த அம்மா சிரிக்கவில்லை. "நாளைக்குக் காலையில வேணும் தம்பி," என்றார். அந்தக் குரலில் ஏதோ ஒன்று உடைந்து

[அழித்துவிட்டேன். எதுவும் உடையவில்லை. அவருக்கு அவசரம், அவ்வளவுதான்.]

மாவு எதற்கு, யாருக்கு, நாளைக் காலையில் என்ன என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எனக்கு மனிதர்களிடம் நேரே கேட்பதைவிட வீட்டுக்குப் போய்க் கற்பனை செய்வது சுலபம். படிப்பினால் வந்த வியாதி. எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். ஆகவே முதல் நோயாளியும் நானே.

இனி வருவதெல்லாம் பொய். ஆனால் அந்த மாவுப் பெட்டி உண்மை.

2. வராத தொடக்கங்கள்

"பிரேமாவதி மாவைப் பிசைந்தாள். மாவு, அவள் வாழ்க்கையைப் போலவே, கைக்கு அடங்காமல்..."

நிறுத்தினேன். மாவு யார் வாழ்க்கையைப் போலவும் இருக்காது. நம் கதைகளில் ஏழைப் பொம்பளை ஒருத்தி அடுப்படியில் நின்றால் போதும், பானை சட்டி எல்லாம் உவமையாகிவிடும். பாவம், அவளைச் சமைக்க விடுங்கள்.

இரண்டாவது தொடக்கம் கட்டுரை மாதிரி வந்தது. அமெரிக்காவின் தென்மாநிலங்களில், பருத்தித் தோட்டங்களில் அடிமைகளாக இருந்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் மக்காச்சோள மாவைக் கொதிநீரில் பிசைந்து, கையால் தட்டி, கொழுப்பில் பொரித்துத் தின்றார்கள். இங்கே கெடாவின் ரப்பர்த் தோட்டங்களில் நம் ஆட்கள் மரவள்ளிக்கிழங்கை... என்று ஒரு பக்கம் ஓடியது. அங்கேயும் தோட்டம், இங்கேயும் தோட்டம், அங்கேயும் துரை, இங்கேயும் துரை. கை தட்டல் வாங்குகிற பத்தி. வெட்டிவிட்டேன். அவர்கள் பட்டது அவர்கள் பட்டது. இரண்டையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்ட எனக்கு யாரும் உரிமை தரவில்லை.

மூன்றாவது தொடக்கம் இதுதான்:

பக்கத்து வீட்டுப் பெண் மூன்று நாளாகச் சாப்பிடவில்லை.

3. பக்கத்து வீட்டுப் பெண்

பிரேமாவதி, சுங்கை பட்டாணியில் ஒரு தொழிற்சாலைக் கேன்டீனில் சமைப்பவள். கணவன் காளிதாசன் லோரி ஓட்டுகிறான். தோட்டத்தை விட்டு வந்து, திகாம் பத்துவுக்குப் பக்கத்தில் ஒரு தாமான் குடியிருப்பில், ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் மலிவு வீடுகளில் ஒன்றில் குடியிருக்கிறார்கள். காளிதாசனின் அக்கா பாப்பம்மாவும் அவர்களோடுதான். புருஷனை இழந்தவள். பிரேமாவதியின் ஒரே மகள் சாந்தினி பினாங்கில் வேலை பார்க்கிறாள். அவளுக்கு அடுத்த வாரம் கல்யாணம், மாப்பிள்ளை வீடு பண்டார் பாரு.

சுவருக்கு அந்தப் பக்கம், வாடகைக்கு, கைலா. இருபத்துநான்கு வயது. அமெரிக்காவில் மிசிசிப்பி மாநிலத்திலிருந்து, இங்குள்ள இடைநிலைப் பள்ளியில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் பேசிப் பழக்க ஓராண்டுக்கு வந்தவள். தாமானில் எல்லாரும் அவளை வெள்ளைக்காரி என்றுதான் சொல்வார்கள்.

அவள் வந்த அன்றைக்கே பாப்பம்மா வேலியோரம் நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்தாள்.

"என்னாடா காளி, வெள்ளைக்காரி வரான்னு சொன்னாங்க, என்னையவிட ரெண்டு கை கறுப்பா இருக்கா?"

"வெள்ளையெல்லாம் பாஸ்போர்ட்டப் பொறுத்ததுக்கா."

* கறுப்பு அமெரிக்கர் என்று சொல்ல நம் பேச்சில் மரியாதையான சொல் ஒன்றும் இல்லை. இருப்பதை இங்கே எழுத மாட்டேன். அதற்கு 'கறுப்பு வெள்ளைக்காரி' எவ்வளவோ மேல்.

கைலாவுக்கு டெங்கி வந்தது. ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்து வந்தாள். வந்த மறுநாள் போன் வந்தது: அவளுடைய அப்பா தூக்கத்திலேயே போய்விட்டார். உடம்பு தேறும்வரை விமானம் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பிரேமாவதி கொண்டுபோன கஞ்சி அப்படியே திரும்பியது. ரசம் திரும்பியது. ரொட்டி பிஸ்கட்கூட.

[இங்கே பிரேமாவதிக்கு ஒரு காரணம் தயாரித்திருந்தேன். அவளுடைய அப்பா செத்தபோது அவள் பிரசவ வார்டில் இருந்தாள், முகம் பார்க்கவில்லை, அதனால்தான் இந்தப் பெண்மேல் இவ்வளவு இரக்கம் என்று. நன்றாகவே வந்தது. வெட்டிவிட்டேன். பக்கத்து வீட்டில் ஒரு பெண் பட்டினி கிடக்கிறாள். அதற்கு மேல் ஒரு காரணம் கேட்கிற ஊரில் நான் இருக்கவில்லை என்று நம்புகிறேன்.]

வெள்ளிக்கிழமை மத்தியானம் பிரேமாவதி போய் அவள் கட்டிலோரம் உட்கார்ந்தாள்.

"என்னா திங்கத் தோணுது சொல்லு. எதுவானாலும் சொல்லு."

கைலா கூரையைப் பார்த்தபடி சொன்னாள். "ரோத்தி ஜாகோங், அக்கா. கோரெங் பண்ணது. எங்க டேடி சுடுவாரு." மக்காச்சோள மாவு ரொட்டி, எண்ணெயில் பொரித்தது.

"எப்பிடி சுடுவாரு?"

கைலா எழுந்து உட்கார்ந்து கையால் செய்து காட்டினாள். ஜாகோங் மாவு. உப்பு. தளதளவென்று கொதிக்கிற தண்ணீர். கை பொறுக்கிற சூட்டில் உருட்டி, உள்ளங்கையில் வைத்து மூன்று விரலால் அமுக்குவது. விரல் தடம் அப்படியே இருக்க வேண்டும். பிறகு இரும்புச் சட்டியில் எண்ணெய்.

"சீனி?"

"சீனியா? சீனி போட்டா டேடி பெட்டியிலேருந்து எந்திரிச்சு வந்துருவாரு!"

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுபோய் முகத்தைத் தலையணையில் புதைத்துக்கொண்டாள். பிரேமாவதி முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

பிறகு கைலா விஷயத்தைச் சொன்னாள். அவர்கள் ஊரில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் தேவாலயத்தில் பிரார்த்தனை. அது முடிந்ததும் ஊரார் எல்லாரும் ஒரு மண்டபத்தில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். இங்கே அப்போது சனிக்கிழமை காலை. அவளுடைய அண்ணன் மேசைமேல் போனை நிறுத்தி வைப்பான், அவள் பார்க்கலாம். சாப்பாட்டில் இந்த ரொட்டி கட்டாயம் இருக்கும்.

"அவங்க சாப்பிடறப்ப நானும் அதையே சாப்பிடணும், அக்கா. பார்த்துக்கிட்டு மட்டும் உக்காந்திருக்க முடியாது."

[கைலா இப்படித் தொடர்ச்சியாகப் பேசியிருக்க மாட்டாள். பாதி பாசா மலாய், பாதி ஆங்கிலம், நடுநடுவே 'அக்கா'. பிரேமாவதிக்குப் புரிந்ததை மட்டும் நான் தமிழில் தருகிறேன். அவளுக்கு எல்லாமே புரிந்தது.]

"நாளைக்குக் காலையில ஒன் கையில ரொட்டி இருக்கும்," என்றாள் பிரேமாவதி.

4. மாவு

கோந்து எப்படி வந்தது என்று இப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும். இந்த நாட்டுக் கடைகளில் தெப்போங் ஜாகோங் என்று பெட்டியில் அச்சடித்து விற்பது ஜாகோங்கை அரைத்த மாவு இல்லை. அதிலிருந்து எடுத்த வெள்ளை ஸ்டார்ச். சூப்பைக் கெட்டியாக்கப் போடுவது. பிரேமாவதி அதில் கொதிநீரை ஊற்றினாள். மாவு பளபளவென்று கண்ணாடி மாதிரி ஆகி, கரண்டியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. இருந்தாலும் ஒரு கை எடுத்துத் தட்டி எண்ணெயில் போட்டாள். அது ஊதிப் பெருத்து, டப்பென்று வெடித்து, சுவரில் மாட்டியிருந்த முருகன் காலண்டர்மீது ஒட்டிக்கொண்டது.

"என்னா ரொட்டி இது?" என்று ஓடிவந்தான் காளிதாசன்.

"சதர்ன் ரொட்டியாம்."

"சதர்ன்னா? நம்ம பண்டார் பாரு பக்கமா? அதான் கெடாவுலயே கடைசித் தெற்கு. சம்பந்தியம்மாவக் கேட்டா தெரியும்லா."

"ஒங்க வாய்க்கு ஒரு பெட்டி இந்த மாவு போதும். ஒட்டிரலாம்."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனாள். நான் பார்த்த சண்டை இதுதான். கடைக்காரர் பெயர் தயாளன் என்று வைத்துக்கொள்கிறேன். அவருடைய அப்பா காலத்திலிருந்து நடக்கிற கடை. 'போஸ்டர் ஒட்டலாம்' என்று அவள் சொன்னதற்குச் சிரித்துவிட்டு, "ஜாகோங் இல்லையாக்கா, ஒங்களுக்குச் சோள மாவு வேணும், அப்படித்தானே?" என்று உள்ளே போய் இந்தியாவிலிருந்து வந்த பாக்கெட் ஒன்றை எடுத்து வந்தார். அவள் பிரித்து முகர்ந்து பார்த்தாள். வெள்ளைச் சோளம். களி கிண்டுவது. அதுவும் சோளம்தான், ஆனால் அது வேறு தானியம். தமிழில் சோளம் ஒன்று, மக்காச்சோளம் ஒன்று. பேச்சில் இரண்டுக்கும் ஒரே பெயர். மலாயில் பெயர் சரி, பெட்டிக்குள் இருப்பது வேறு. மூன்று மொழி பேசுகிற ஊரில் ஒரு மாவுக்குச் சரியான பெயர் கிடையாது.

[முதல் பிரதியில் இந்த இடத்தில் பிரேமாவதி கோழிக்குப் போடுகிற உடைத்த ஜாகோங்கை வாங்கிப் போய் மிக்சியில் அரைத்தாள். எழுதும்போது சிரிப்பாக வந்தது. மறுநாள் படித்தபோது, நோயில் எழுந்த, அப்பனைப் பறிகொடுத்த ஒரு பெண்ணுக்குக் கோழித்தீனி கொடுத்துவிட்டு உட்கார்ந்து சிரித்திருக்கிறேன் என்று தெரிந்தது.]

"ஜாகோங்க அப்பிடியே அரைச்சு, மஞ்சளா இருக்கும் தம்பி. மணல் மாதிரி."

தயாளன் தலையைச் சொறிந்தார். "மஞ்சளா... ஏன்கா, பஞ்சாபி ஆளுங்க ரொட்டி தட்டுவாங்களே, அதா?"

மேல் தட்டில், ஊதுபத்திக்குப் பின்னால் ஒரு பாக்கெட் இருந்தது. மக்காச்சோள மாவு. இரண்டு விரலில் எடுத்துத் தேய்த்தாள். நறநறவென்றது. மஞ்சள்.

"இதான். இத மொதல்லயே குடுத்திருந்தா எங்க வீட்டு முருகனுக்கு மூஞ்சி கழுவுற வேல மிச்சம்."

5. பாப்பம்மா

இதுவரை கதை சுலபமாக வந்துவிட்டது. மாவு கிடைத்தது, இனி சுட்டால் முடிந்தது. ஆனால் சனிக்கிழமை காலையில் பிரேமாவதியின் வீட்டில் வேறொரு காரியம் குறித்து வைத்திருந்தது. சாந்தினி கல்யாணத்துக்குப் பலகாரம் சுட எண்ணெய்ச் சட்டி வைக்கும் நாள்.

தெரியாதவர்களுக்காக: கல்யாண வீட்டில் முறுக்கு, அதிரசம் சுடுவதற்கு முன் நல்ல நேரம் பார்த்து, தாலியோடு இருக்கிற பெண்கள் சேர்ந்து அடுப்பில் சட்டியை ஏற்றி எண்ணெய் ஊற்றுவார்கள். முதலில் சுட்டது பிள்ளையாருக்கு. சாவு வீட்டில் நேர்மாறு. காரியம் முடியும்வரை எண்ணெய்ச் சட்டி அடுப்பேறக் கூடாது. பொரிக்கிற வாசனையே வரக்கூடாது.

கார் நிறுத்தும் இடத்தில் பெரிய அடுப்பைப் போட்டு, அடுப்படியில் இருந்த ஒரே கேஸ் சிலிண்டர் தோம்பையும் வெளியே இழுத்து மாட்டியாகிவிட்டது. சட்டி வைக்க பண்டார் பாருவிலிருந்து சம்பந்தியம்மா லக்ஷ்மியும் வருவதாகச் சொல்லியிருக்கிறாள். ராகு காலத்துக்கு முன்னால் வைத்தாக வேண்டும். கைலாவின் ஊரார் சாப்பிட உட்காருவது அதற்கும் முன்னால். அடுப்பு ஒன்று.

"மொதல்ல அந்தப் புள்ளைக்கு ரொட்டிய சுட்டுட்டு, சட்டிய எறக்கி அடுப்பத் தொடச்சிட்டு, அப்பறம் நம்ம சட்டிய வைப்போம் அண்ணி," என்றாள் பிரேமாவதி.

பாப்பம்மா கையிலிருந்த பூண்டைக் கீழே போட்டாள்.

"சாவுக்கு எண்ணெய்ச் சட்டியா? அதுவும் கல்யாண அடுப்புல? ஒனக்கென்னா புத்தி மழுங்கிப் போச்சா?"

இந்த இடத்தில் நான் மாட்டிக்கொண்டேன். எனக்கு இந்தச் சாங்கியங்கள்மேல் இருக்கிற கோபத்தை மறைக்கப் போவதில்லை. பல்கலைக்கழகத்துக்குப் புறப்பட்ட அன்றைக்கு, எதிரில் யார் வருகிறார்கள் என்று பார்த்து என்னை வாசலில் நிறுத்தி வைத்த வீடு எங்கள் வீடு. ஆகவே பாப்பம்மாவை நான் நன்றாகத் திட்ட வைத்தேன். வாயில் வெற்றிலை கொடுத்தேன், கண்ணை உருட்ட வைத்தேன். ஒன்றரைப் பக்கம். படித்துப் பார்த்தால் நாடகத்து மாமியார்.

கோபம் என்னுடையது. அதை அவள் வாயில் அடைத்து, பிறகு அவளையே அடித்திருக்கிறேன்.

மறுபடி எழுதுகிறேன்.

5. பாப்பம்மா (மறுபடி)

பாப்பம்மா கையிலிருந்த பூண்டைக் கீழே வைத்தாள்.

"வேணாம் பிரேமா," என்றாள். "சகுனத்துக்குச் சொல்லல."

"பின்ன என்னாத்துக்கு அண்ணி?"

"ஒங்க மாமா செத்தன்னிக்கு..." கணவன் இருளப்பனின் பெயரை அவள் சொல்வதில்லை. "நடு வீட்டுல படுக்கப் போட்டிருக்கு. பொம்பளைங்கல்லாம் சுத்தி உக்காந்து அழுவுறோம். பின்னால லயத்து வீட்டுல எவளோ வடை சுடுறா. தெரிஞ்சு சுட்டாளோ தெரியாம சுட்டாளோ. வாசன உள்ள வருது. ராத்திரியிலேருந்து பச்சத்தண்ணி குடிக்கல நானு. எனக்குப் பசி எடுத்திருச்சு பிரேமா. புருசன் பொணத்துகிட்ட உக்காந்துகிட்டு எனக்கு எச்சி ஊறுது. முந்தானைய வாயில அடச்சுகிட்டேன். எல்லாரும் நான் அழுவுறேன்னு நெனச்சாங்க."

பிரேமாவதி அண்ணி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அந்த வெக்கம் இன்னிக்கு வரைக்கும் போவல. அதான் சொல்றேன். சாவுல எண்ணெ வாசன வரக்கூடாதுன்னா சும்மா சொல்லல பெரியவங்க."

காளிதாசன் உள்ளே வர எத்தனித்து, அப்படியே திரும்பிப் போனான். [அவனுக்கு ஒரு நகைச்சுவை எழுதி வைத்திருந்தேன். அவனே வேண்டாம் என்றுவிட்டான்.]

கடைசியில் பிரேமாவதி மெதுவாகச் சொன்னாள்:

"அவங்க ஊர்ல எல்லாருமா சேர்ந்து உக்காந்து சாப்பிடறாங்க அண்ணி. செத்தவரு பொண்டாட்டியும்தான். பக்கத்துல உக்காந்து ஊட்டி விடுவாங்களாம். அந்த வெக்கம் யாருக்கும் வந்துரக் கூடாதுன்னுதான் சுடுறாங்களோ என்னமோ."

பாப்பம்மா பூண்டை எடுத்துத் தொடர்ந்து உரித்தாள். ஒரு முழுப் பூண்டு முடிந்தது. பிறகு எழுந்து போய்விட்டாள்.

6. சனிக்கிழமை காலை

பிரேமாவதி கேஸ் குழாயைச் சரிபார்த்துவிட்டுத் தீப்பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தாள். கைலா போர்வையைச் சுற்றிக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எதிரே முக்காலியில் போன். அதற்குள் ஒரு நீண்ட மண்டபம். கறுப்பு உடுப்பில் ஆண்களும், பெரிய தொப்பி வைத்த பெண்களும் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்துகொண்டிருந்தார்கள். கைலாவின் மடியில் மாவுச் சட்டி. கொதிநீர் ஊற்றிய மாவு ஆவி விட்டது. அவள் உருட்டி, உள்ளங்கையில் வைத்து, மூன்று விரலால் அமுக்கித் தட்டில் அடுக்கினாள். நம் பிடிகொழுக்கட்டையை ஒருத்தர் அமுக்கிவிட்டதுபோல இருந்தது.

"தீப்பெட்டிய இங்க குடு," என்றது ஒரு குரல்.

பாப்பம்மா. தலைக்குக் குளித்து, ஈரக் கூந்தலை முடிந்திருந்தாள். கையில், அவள் கல்யாணமாகி வந்தபோது கொண்டுவந்த பழைய இரும்புக் குவாலிச் சட்டி.

"அண்ணி?"

"கல்யாணச் சட்டிய நீ வைய்யி. ஒன் சம்பந்தி வரட்டும், ரெண்டு பேருமா வைங்க. நான் கிட்ட வரமாட்டேன்." குவாலியை அடுப்பில் ஏற்றினாள். "இது சாவுச் சட்டி. இத வைக்கத் தாலி கேக்காதுலா?"

இருளப்பன் போன பிறகு எத்தனை கல்யாணம், எத்தனை வளைகாப்பு. எல்லா வீட்டுக்கும் போவாள். மாவு இடிப்பாள், அரிசி புடைப்பாள், விடிய விடியப் பாகு காய்ச்சுவாள். சட்டி அடுப்பேறும் நேரம் வந்ததும் தானாகவே பின்வாசல் பக்கம் நகர்ந்துவிடுவாள். யாரும் போகச் சொல்ல வேண்டியதில்லை. அவளே போய்விடுவாள், அதுதான் எனக்கு ஆறவே ஆறாது.

எண்ணெய் காய்ந்தது. பாப்பம்மா ஒரு சிட்டிகை மாவைக் கிள்ளிப் போட்டுப் பார்த்தாள். மேலே வந்து சுழன்றது. கைலாவிடம் கையை நீட்டினாள்.

"குடு கயலு."

முதல் ரொட்டி எண்ணெயில் இறங்கியது. சுற்றிலும் நுரை கட்டி, ஓரம் சரிகை மாதிரி பொரிந்தது. சுட்ட ஜாகோங்கின் வாசனை தெருவுக்குப் போனது. எதிர் வீட்டுப் பூனை எழுந்து உட்கார்ந்தது. பாப்பம்மா ஒரு பக்கம் சிவக்கும்வரை பொறுத்து, திருப்பிப் போட்டாள். விரல் தடம் மூன்றும் பொன் நிறத்தில் குழிந்து நின்றன.

பிரேமாவதி, தொட்டுக்கொள்ள அவசரமாக வேகவைத்த சாவி என்கிற கடுகுக் கீரையைத் தண்ணீரோடு ஒரு மங்குக் கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்தாள். போனுக்குள் யாரோ பிரார்த்தனை சொல்லி முடித்தார்கள். காகிதத் தட்டுகள் கைமாறின. அங்கே எல்லாரும் கையில் எடுத்தார்கள். இங்கே கைலாவும் எடுத்தாள்.

முதல் கடியில் ஓரம் நொறுங்கியது. உள்ளே மெத்தென்று, உப்பாக, ஆவியோடு. வாயைத் திறந்துகொண்டு ஊதினாள். இரண்டாவது துண்டைக் கீரைத் தண்ணீரில் தோய்த்தாள். மூன்றாவதை அவசரமாக. கண்ணிலிருந்து வடிகிறது, துடைக்கவில்லை, தின்றுகொண்டே இருந்தாள். மூன்று நாள் பசி. பாப்பம்மா அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்படி ஒரு பார்வையை நான் விவரிக்க மாட்டேன், தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

"சாப்பிடு," என்றாள். "வெக்கப்படாத. நல்லா சாப்பிடு."

போனுக்குள்ளிருந்து ஒரு பெரியவர் குனிந்து பார்த்து, பின்னால் நிற்கிற அந்த அம்மா யார் என்று கேட்டார்.

"டேடிக்கு ரொட்டி சுடுறவங்க," என்றாள் கைலா.

பெரியவர் தட்டிலிருந்து தன் ரொட்டியை எடுத்து உயர்த்திக் காட்டினார். பாப்பம்மாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கரண்டியை உயர்த்திக் காட்டினாள்.

7. முடிக்க முடியாத இடம்

இங்கேயே நிறுத்தியிருக்கலாம். கைலா சாப்பிட்டுவிட்டாள். பிரேமாவதி அவளுக்குக் கொடுத்த வாக்கை நான் காப்பாற்றிவிட்டேன். ஆனால் சட்டியில் இன்னும் இரண்டு ரொட்டி வெந்துகொண்டிருக்கும்போதே ஒரு கார் வந்து நின்றது. பண்டார் பாரு சம்பந்தியம்மா. சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டாள்.

அவள் கண்ணுக்குத் தெரிவது இதுதான்: கல்யாண வீட்டு வாசல். கல்யாண அடுப்பு. எரிகிற தீ. அதன்மேல் எண்ணெய்ச் சட்டி. கரண்டியோடு நிற்பது, பொட்டில்லாத ஒரு பெண்.

காளிதாசன் வேலியோரம் உறைந்துபோய் நிற்கிறான். பிரேமாவதி அண்ணியைப் பார்க்கிறாள். பாப்பம்மா இப்போது வழக்கம்போலப் பின்வாசலுக்கு நகரலாம். நகர்ந்தால் ரொட்டி கருகும். கருகினால்தான் என்ன, இரண்டு ரொட்டி. சாந்தினியின் வாழ்க்கை பெரிதா, இரண்டு ரொட்டி பெரிதா?

மூன்று முடிவுகள் எழுதினேன்.

ஒன்றில், லக்ஷ்மி ஒன்றும் பேசாமல் காரைத் திருப்பிக்கொண்டு போகிறாள், கல்யாணம் நிற்கிறது. பொய். இப்போதெல்லாம் இதற்காக யாரும் கல்யாணத்தை நிறுத்துவதில்லை. நடத்திவிட்டு, ஆயுளுக்கும் பேசுவார்கள். பிள்ளை பிறக்கத் தாமதமானால் இந்தச் சட்டி வரும். மாப்பிள்ளை மோட்டோவில் சறுக்கினால் இந்தச் சட்டி வரும்.

இன்னொன்றில், லக்ஷ்மி கண் கலங்கி ஓடிவந்து பாப்பம்மாவைக் கட்டிக்கொள்கிறாள். சினிமா.

மூன்றாவதில் பாப்பம்மா நிமிர்ந்து நின்று பேசுகிறாள். அருமையாகப் பேசுகிறாள். எல்லா வாக்கியமும் என்னுடையது. சிந்தோக் பல்கலைக்கழகத்தில் நாலு வருஷம் படித்து வந்த வாக்கியங்கள். அவள் அப்படிப் பேசமாட்டாள். அவளுக்கு என் கோபம் இல்லை. அவளுக்கு இருப்பது சட்டியில் இரண்டு ரொட்டி.

ஆகவே நான் எழுதப் போவதில்லை. என்னைக் கேட்டால், லக்ஷ்மி என்கிற பெண்ணே இந்தக் கதைக்குத் தேவையில்லை. அவளை எடுத்துவிடுகிறேன். காரிலிருந்து இறங்கி வருவது நீங்கள்.

ஆமாம், உங்களைத்தான். இவ்வளவு நேரம் வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தீர்கள், பாப்பம்மாமேல் இரக்கப்பட்டும் இருப்பீர்கள். கதையில் வருகிறவர்கள்மேல் இரக்கப்படுவது எல்லாருக்கும் வரும். இப்போது கையில் பூத்தட்டோடு உங்கள் மகனின் கல்யாண அடுப்பைப் பார்க்கிறீர்கள்.

பாப்பம்மா உங்களைப் பார்த்துவிட்டாள். ஒரு காலைப் பின்னால் எடுத்து வைத்தாள். பிறகு அந்தக் காலை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, குனிந்து, இரண்டு ரொட்டியையும் திருப்பிப் போட்டாள். அவசரமில்லாமல் எடுத்துத் தட்டில் வைத்தாள். தட்டோடு உங்களை நோக்கி வருகிறாள்.

"வாங்க சம்பந்தி. இது கல்யாணத்துக்குச் சுட்டதில்ல, அந்தப் புள்ளையோட அப்பாவுக்குச் சுட்டது. பொய் சொல்லமாட்டேன். என் கையால சுட்டேன். சூடா இருக்கு, ஒன்னு எடுத்துக்கிறீங்களா?"